அனுபவத்திற்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்

பல ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டிவரும் ஒருவர் மீண்டும் ஒரு பயிற்சியாளர் முன் மாணவராக நிற்பது தேவையற்றது என்றும், அது அவருடைய திறமையை ஐயுறுவதாகும் என்றும் கருதும் மனப்பான்மை, மோட்டாரையே நம்பி வேலைக்குச் சென்றுவரும் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மலேசியாவின் விபத்துக் கணக்கை நோக்கும் எவரும் அந்த மனப்பான்மையை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டியவர் ஆகிறார். பெருந்தொற்றுக்கால ஊரடங்கு ஆண்டுகளை நீக்கிப் பார்த்தால், இந்நாட்டில் ஆண்டுதோறும் 6,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். பதிவான வாகனங்களில் ஏறத்தாழப் பாதிதான் மோட்டார் சைக்கிள்கள் என்றாலும், உயிரிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் ஓட்டுநர்களாகவோ அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து செல்வோராகவோ இருக்கின்றனர். இளைஞர்களின் வேகமும் பந்தய ஆசையுமே பெரிதும் பேசப்பட்டாலும், பத்து, இருபது ஆண்டுகள் ஓட்டிப் பழகிய தொழிலாளர்களும் குடும்பத் தலைவர்களும் அந்தக் கணக்கில் அடங்கியே இருக்கின்றனர்.

உரிமம் பெற்றுச் சில ஆண்டுகளேனும் சாலையில் ஓட்டிய பின்னர் ஒருவர் தாமே விரும்பிப் பெறும் பாதுகாப்புக் கல்வியை மேற்பயிற்சி எனலாம். ஓட்டத் தெரியாதவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கமன்று. ஓட்டத் தெரிந்தவரிடம் காலப்போக்கில் படிந்துவிட்ட பழக்கங்களை வெளிக்கொணர்ந்து, அவற்றுள் காக்கும் பழக்கம் எது, கெடுக்கும் பழக்கம் எது என்று பிரித்துக் காட்டுவதே அதன் பணி. பேராக் மாநிலத்தின் காம்பார் போன்ற ஊருக்கு அத்தகைய கல்வி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்வூரின் வரலாறும் சாலைகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

தோட்டத்துச் செம்மண்ணிலிருந்து நெடுஞ்சாலைக்கு

ஈப்போவிற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், புஜாங் மலாக்கா மலையடிவாரத்தில் அமைந்துள்ள காம்பார், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்து, சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களுக்குச் சந்தையாகவும் விளங்கி, 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறக்கப்பட்ட பின்னர் மாணவர் நகரமாகவும், 2009இல் தனி மாவட்டமாகவும் உருப்பெற்ற ஊராகும். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும், ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும், பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் இப்பகுதித் தமிழர்களின் வாழ்க்கையை அடியோடு மாற்றின. லயத்து வீட்டிலிருந்து நடந்தே வேலைக்காட்டிற்குச் சென்றவர்களின் பிள்ளைகள், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறி, ஈப்போ வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் நாள்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியவர்களாயினர். பேருந்து வசதி குறைந்த அந்தப் பயணத்திற்கு மலிவான, கைக்கெட்டிய துணையாக அமைந்தது, மலேசியர்கள் கப்சாய் என்று அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளே ஆகும்.

இந்த மாற்றத்தில் கவனிக்கப்படாமல் போன ஒன்று உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுள் பலர் மோட்டார் ஓட்டக் கற்றது அப்பாவிடமோ அண்ணனிடமோ மாமாவிடமோ ஆகும். கற்ற இடம், வேறு வண்டிகள் அரிதாகவே வரும் செம்மண் பாதையாகும். முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி வழுக்கும் என்பது அந்த மண்பாதைக்குப் பொருத்தமான எச்சரிக்கைதான். ஆனால் அதே எச்சரிக்கையை மனத்தில் கொண்டு, மணிக்கு 90 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்பட்ட தார்ச்சாலையிலும் பின்பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுபவர், தம் வண்டியின் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே விடுகிறார். சாலை மாறியது, வேகம் மாறியது, சுற்றிலும் ஓடும் வாகனங்கள் மாறின. கற்ற பாடம் மட்டும் மாறவில்லை.

காம்பாரைச் சுற்றியுள்ள சாலைகளோ ஒவ்வொன்றும் தனித்தனித் திறமையைக் கோருகின்றன. கோப்பேங், காம்பார், தாப்பா, பீடோர் ஆகிய ஊர்களை இணைத்துச் செல்லும் கூட்டரசு முதலாம் எண் சாலையில், கல்லுடைப்பு லோரிகளும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகளும் கார்களும் மோட்டார்களும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தோட்டச் சாலைகள் வந்து சேரும் இடங்களில் சேறும் சரளையும் சிதறிக் கிடக்கின்றன. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்குக் கட்டணம் இல்லாததால், கோப்பேங்கிலோ தாப்பாவிலோ ஏறிச் செல்வோர், தங்களைவிடப் பல மடங்கு எடையும் கூடுதல் வேகமும் கொண்ட வாகனங்களின் ஓரமாக ஓட்ட வேண்டியுள்ளது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் சாலையோ, அடுத்த வளைவு எவ்வளவு கூர்மையானது என்பதை மரங்களாலும் மலைச்சரிவாலும் மறைத்து வைத்திருக்கிறது. இவற்றோடு, பிற்பகலில் திடீரென்று கொட்டும் மழையும், விடியற்காலையில் படரும் பனிமூட்டமும், தெருவிளக்கு இல்லாத நெடுந்தொலைவுகளும் சேர்கின்றன.

உரிமம் சொல்லித் தருவதும் சொல்லித் தராததும்

மலேசியாவில் 250 சிசி வரையிலான வண்டிகளை ஓட்டுவதற்குரிய பி2 வகை உரிமத்தைப் பெற விரும்புபவர், சாலை விதிகள் பற்றிய கோட்பாட்டுத் தேர்வில் தேறி, பயிற்சித் திடலில் குறுகிய பாலத்தின்மீது விழாமல் ஓட்டிக் காட்டி, எட்டு வடிவப் பாதையிலும் கூம்புகளுக்கிடையிலும் வளைந்து சென்று தம் கட்டுப்பாட்டை மெய்ப்பிக்க வேண்டும். அதன்பின் இரண்டாண்டுகள் ‘P’ என்னும் எழுத்துடன் தகுதிகாண் காலத்தில் ஓட்டிவிட்டால், முழு உரிமம் கைக்கு வந்துவிடும். அதைப் புதுப்பிக்கக் கட்டணம் செலுத்துவதே போதுமானது, மறுதேர்வு எதுவும் இல்லை. ஆகவே, பதினாறு அல்லது பதினேழு வயதில் ஒருமுறை தேறியவர், அறுபது வயது வரையில் தம் ஓட்டும் முறையை வேறொருவர் கூர்ந்து பார்த்துத் திருத்தும் வாய்ப்பு ஒன்றுகூட இல்லாமலே வாழ்நாளைக் கழித்துவிட முடியும்.

பயிற்சித் திடல் கற்றுத்தரும் சமநிலையும் மெதுவோட்டக் கட்டுப்பாடும் அடிப்படையானவை. அவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் உயிரைப் பறிக்கும் நிலைமைகள் பெரும்பாலும் அந்தத் திடலில் நேர்வதில்லை. எதிரே வரும் கார் திடீரென்று குறுக்கே திரும்புவதும், லோரியின் பின்னாலிருந்து முந்தும்போது எதிர்த்தடத்தில் மற்றொரு வண்டி தோன்றுவதும், வளைவின் நடுவே மணல் கிடப்பதும் திடலில் ஒத்திகை பார்க்க முடியாதவை. அவற்றைச் சாலைதான் கற்பிக்க வேண்டும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். அந்த நம்பிக்கை எந்த அளவிற்குச் சரியானது என்பதே இங்கு எழும் முதன்மையான கேள்வி.

அனுபவம் எங்கே தவறிப்போகிறது

ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் அது செம்மையடைவதில்லை; செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்தால்தான் செம்மையடையும். சாலையோ அத்தகைய தீர்ப்பை ஒழுங்காக வழங்குவதில்லை. முன்னால் செல்லும் காரை மிக நெருக்கமாகப் பின்தொடர்பவர், அந்தக் கார் திடீரென்று நிற்காத ஆயிரம் நாள்களில் எந்தத் தண்டனையும் பெறாமல் வீடு திரும்புகிறார். அதனால் தாம் சரியாகவே ஓட்டுவதாக அவருடைய மனம் முடிவு செய்துகொள்கிறது. தவறான பழக்கம் ஒவ்வொரு பாதுகாப்பான பயணத்தாலும் மேலும் உறுதிப்படுகிறது. அனுபவசாலிக்கு மேற்பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

விபத்துகளை ஆராய்ந்தவர்களின் முடிவுகள் இக்கருத்துக்குத் துணை நிற்கின்றன. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்து, 3,600 காவல்துறை அறிக்கைகளையும் பரிசீலித்து, 1981இல் வெளியிட்ட அறிக்கை இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் கருதப்படுகிறது. விபத்தில் சிக்கியவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் முறையான பயிற்சி பெறாமல், தாமாகவோ உறவினர், நண்பர் வழியாகவோ கற்றவர்கள் என்று அது கண்டறிந்தது. ஆபத்து தெரிந்த நொடியிலிருந்து மோதும் நொடி வரையில் ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம், பெரும்பாலான விபத்துகளில், இரண்டு நொடிகளுக்கும் குறைவு. அந்தச் சிறிய இடைவெளியில் பலர் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைப் பூட்டி வழுக்கினர். முன்பிரேக்கையோ போதிய அளவு பயன்படுத்தவில்லை.

அதே அறிக்கை அனுபவசாலிகள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய இன்னொரு செய்தியையும் தருகிறது: விபத்துக்குள்ளானோர் சராசரியாக ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஓட்டியவர்கள் என்றாலும், அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் விபத்தில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதங்களுக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தனர். கிளட்ச் பிடி இல்லாத 100 சிசி கப்சாயிலேயே பல ஆண்டுகள் ஓட்டியவர், மகனுடைய 150 சிசி வண்டியிலோ, ஓய்வுக்காலச் சேமிப்பில் வாங்கிய பெரிய வண்டியிலோ ஏறும்போது, தம் பழைய அனுபவம் முழுவதும் தம்முடன் வருவதாக எண்ணுகிறார். எடை, பிரேக், விசை ஆகிய அனைத்தும் மாறிவிட்ட அந்த வண்டியில் அவர் ஏறத்தாழப் புதியவரே ஆவார்.

பிரேக் என்னும் கணக்கு

மேற்பயிற்சியின் முதற்பாடம் பெரும்பாலும் நிறுத்துதல் பற்றியதாகவே அமைகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது; ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை எட்டுவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 17 மீட்டர் பிரேக் பிடிப்பதற்கு முன்பே போய்விடுகிறது. அதன்பின் உலர்ந்த சாலையில், நல்ல டயருடன், திறமையாகப் பிரேக் பிடித்தால் மேலும் ஏறத்தாழ 23 மீட்டரில் வண்டி நிற்கும்; மொத்தம் 40 மீட்டர். அதே வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், முதல் நொடியில் 25 மீட்டரும், பிரேக்கில் ஏறத்தாழ 52 மீட்டரும் கழிந்து, மொத்தத் தொலைவு 77 மீட்டர் ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்கு உயர, நிற்கும் தொலைவு ஏறத்தாழ இரு மடங்காவதற்குக் காரணம், பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதாகும். ஈரச் சாலையில் இத்தொலைவு இன்னும் நீளும். மங்கிய முன்விளக்கின் ஒளியோ இருட்டில் அந்தத் தொலைவை எட்டுவதே இல்லை.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையும் ஓட்டுநரின் எடையும் முன்சக்கரத்தின் மீது சாய்வதால், முன்டயர் சாலையை மேலும் இறுக்கமாகப் பற்றுகிறது, பின்டயரின் பிடி தளர்கிறது. எனவே நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன்பிரேக்தான் செய்ய முடியும். ஆனால் அதை வெடுக்கென்று இழுத்தால், எடை முன்னே வந்து சேர்வதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; முதலில் மென்மையாகத் தொடங்கி, எடை சாய்ந்ததும் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இதைப் படித்து அறிவது ஒருபுறமிருக்க, பதற்றமான நொடியில் கை தானாகவே அவ்வாறு செயல்படுவதற்கு, பாதுகாப்பான திடலில் பலமுறை செய்து பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என்னும் அமைப்பு இத்தவறுகளை வெகுவாகக் குறைக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் அதை இந்தியா 2018, 2019ஆம் ஆண்டுகளில் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆனால் காம்பாரின் தெருக்களில் ஓடும் பழைய கப்சாய்களில் அந்த அமைப்பு இல்லை; அங்கே ஓட்டுநரின் விரல்களே அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

கண்ணும் கணிப்பும்

கையின் திறமையைவிடக் கண்ணின் திறமையே உயிரை அதிகம் காக்கிறது என்பது மேற்பயிற்சியாளர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 மோட்டார் விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வு, ஏறத்தாழப் பாதி விபத்துகளுக்கு மற்ற வாகன ஓட்டுநரின் தவறே முதன்மைக் காரணம் என்றும், அத்தவறுகளுள் பெரும்பாலானவை மோட்டாரைக் காணத் தவறியதால் நேர்ந்தவை என்றும் கண்டறிந்தது. சந்திப்பில் காத்திருக்கும் கார் ஓட்டுநருக்கு, நேராக வரும் மோட்டார் ஒரு சிறிய புள்ளியாகவே தெரிகிறது. சிறிய பொருளின் வேகத்தையும் தொலைவையும் கணிப்பதில் மனிதக் கண் எளிதில் ஏமாறுகிறது. காரின் முன்தூண் ஒரு முழு மோட்டாரையும் மறைத்துவிடப் போதுமான அகலம் கொண்டது. பார்த்தும் காணாத இந்நிலையை அறிந்த ஓட்டுநர், மற்றவர் தம்மைக் கண்டிருப்பார் என்ற நம்பிக்கையில் சந்திப்பிற்குள் நுழைவதில்லை. வேகத்தைச் சற்றுக் குறைத்து, பிரேக்கின்மேல் விரலை வைத்து, தடத்திற்குள் தம் இடத்தை மாற்றிக்கொண்டு, அந்தக் கார் குறுக்கே வந்துவிட்டால் எந்தப் பக்கம் விலகலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்கிறார்.

வளைவுகளில் கண்ணின் பணி இன்னும் தெளிவாக விளங்குகிறது. சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றும் புள்ளியைப் பார்வை எல்லை எனலாம். அந்த எல்லை ஓட்டுநரை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தால் வளைவு விரிகிறது என்றும், அவரை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது என்றும் பொருள். கண்ணுக்குத் தெரியும் தொலைவிற்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தைத் தாண்டாமல் இருப்பதே விதி. கேமரன் மலைச் சாலையில் இந்த ஒரு பாடத்தை மட்டும் முறையாகக் கடைப்பிடித்தால், எதிர்த்தடத்திற்குள் புகுந்துவிடும் தவறுகளில் பல நேராமலே போகும். அச்சம் தரும் பொருளையே உற்று நோக்கினால் வண்டியும் அதை நோக்கியே செல்லும் என்பதால், தடுப்புச்சுவரைப் பார்க்காமல் செல்ல வேண்டிய வழியைப் பார்க்கவும், வேகமாக ஓடும் வண்டியை வலப்பக்கம் சாய்க்க வலக்கைப்பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்தவும் பயிற்சியாளர் கற்றுத்தருகிறார். பிந்தியதை எதிர்த்திசைத் திருப்பல் என்பர். பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் தம்மை அறியாமல் இதையே செய்கின்றனர் எனினும், அறிந்து செய்பவரால்தான் அவசர நொடியில் விரைந்து விலக முடிகிறது.

மழைக்குரிய பாடமும் இப்பகுதிக்கு இன்றியமையாதது. நெடுநாள் உலர்ந்த சாலையில் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில் எண்ணெய்ப் பசையும் தூசும் கலந்து மிதப்பதால் சாலை கூடுதலாக வழுக்குகிறது. வெள்ளைக் கோடுகளும் பாலத்தின் இரும்பு இணைப்புகளும் அதைவிட வழுக்குகின்றன. நெடுஞ்சாலையில் மழைக்கு ஒதுங்குவோர் மேம்பாலத்தின் அடியில், அவசரத் தடத்திலேயே கூட்டமாக நிற்பது வழக்கமாகிவிட்டது. மழையில் பார்வை மங்கிய லோரி ஓட்டுநர் ஒருவர் தடம் தவறினால், அங்கு நிற்போர் அனைவரும் ஆபத்துக்குள்ளாகின்றனர். மழைச்சட்டையைக் கையோடு வைத்திருப்பதும், மோட்டார்களுக்கென்று கட்டப்பட்ட கூரைகளிலும் ஓய்வுத்தலங்களிலும் மட்டுமே நிற்பதும், புறப்படும் முன்பே வானத்தைப் பார்த்து நேரத்தை ஒழுங்கு செய்வதும் பாதுகாப்புக் கல்வியின் பகுதியே ஆகும்.

பயிற்சி பலன் தருமா?

மேற்பயிற்சியை ஆதரிப்போர் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய சான்றுகளும் உள்ளன. மோட்டார் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்வதற்கு ஆய்வுகளின் தரம் போதவில்லை என்று முடித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக உரிமம் பெற்ற 2,399 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஆய்வில், சாலையிலேயே பயிற்சி பெற்றவர்களின் விபத்துகள் மற்றவர்களைவிடக் குறையவில்லை; அவர்களுடைய தன்னம்பிக்கையும், வேகமாக ஓட்டியதாக அவர்களே சொன்ன அளவும் கூடியிருந்தன. நார்வேயில் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண்களிடையே விபத்து கூடியதும் இத்துறையினர் நன்கு அறிந்த செய்தி.

இச்சான்றுகளால் பயிற்சி வீண் என்று ஆகிவிடாது. எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதையே அவை தெளிவாக்குகின்றன. வண்டியை அடக்கும் வித்தைகளை மட்டும் கற்றுக்கொண்டவர், கற்ற வித்தை தம்மைக் காப்பாற்றும் என்று நம்பி, முன்னைவிட வேகமாகச் செல்லக்கூடும். அப்போது கூடிய திறமை முழுவதையும் கூடிய வேகம் விழுங்கிவிடுகிறது. ஆபத்தை முன்கூட்டியே கண்டறிவதையும், தம் எல்லையை உணர்வதையும், வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதையும் மையமாகக் கொண்ட பயிற்சிதான் ஓட்டுநரைக் காக்க வல்லது. வகுப்பு முடிந்து வெளியேறும் மாணவர் தம்மை வல்லவர் என்று எண்ணினால் அது குறையே. தாம் இதுவரை எத்தனை ஆபத்துகளைக் காணாமல் கடந்துவந்திருக்கிறோம் என்று உணர்ந்தால் அதுவே நிறைவு.

பயிற்சியால் சட்டத்தின் இடத்தையோ பொறியியலின் இடத்தையோ நிரப்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலேசியா 1973இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது காக்ரேனின் மற்றொரு மதிப்பாய்வின் முடிவு. 1992இல் பகலிலும் மோட்டாரின் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ராடின் உமார் ராடின் சொஹாடி முதலிய ஆய்வாளர்கள் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடத்திய ஆய்வு, மோட்டார் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அதன்பின் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று தனித்தடம் அமைக்கப்பட்டதும் அத்தகைய நற்பணியே. இவையெல்லாம் இருந்தும் மோட்டார் ஓட்டுநர்களின் இறப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதால்தான், எஞ்சிய பணியில் ஒரு பங்கைக் கல்வியும் ஏற்க வேண்டியுள்ளது.

பிற நாடுகள் செய்துள்ள ஏற்பாடு

ஆஸ்திரியா 2003 முதல் உரிமத்தைப் பல கட்டங்களாக்கி, தேர்வில் தேறியவரும் சில மாதங்களுக்குள் திரும்பி வந்து, திடல் பயிற்சியும், ஆபத்து மனநிலை பற்றிய குழு உரையாடலும், பயிற்சியாளர் உடன்வந்து குறைநிறை சொல்லும் சாலை ஓட்டமும் முடிக்க வேண்டும் என்று விதித்தது. மலேசியத் தொழிலாளர் பலர் நன்கறிந்த சிங்கப்பூரில், 200 சிசி, 400 சிசி, அதற்கும் மேற்பட்டவை என்று வண்டியின் ஆற்றல் உயரும் ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓராண்டு காத்திருந்து, புதிதாகப் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும். பிரிட்டனில் 1956இல் கார் ஓட்டுநர்களுக்காகத் தொடங்கப்பட்ட மேம்பட்ட ஓட்டுநர் கழகம், பின்னர் மோட்டார் ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொண்டது. அதன் கிளைகளில், தேறிய உறுப்பினர்களே தன்னார்வலர்களாகப் புதியவரின் பின்னால் ஓட்டிச் சென்று கவனித்து, பின்னர் அமர்ந்து பேசித் திருத்துகின்றனர். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970 முதல் பாதுகாப்பான ஓட்டத்தைப் பரப்புவதற்கெனத் தனிப் பிரிவையே நடத்திவருகிறது.

தமிழகத்தில், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அமைத்த பந்தயத்தடத்தில், கீத் கோட் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியின் வகுப்புகள் நடைபெற்று வந்துள்ளன. மலேசியாவின் செப்பாங் தடத்திலும் பெரிய வண்டி ஓட்டுநர்களுக்கு வகுப்புகள் நடந்துள்ளன. இவை பயனுள்ளவையே என்றாலும், விலையுயர்ந்த வண்டியும் செலவு செய்யும் வசதியும் உள்ளவர்களுக்கே எட்டுகின்றன. விடியற்காலையில் ஈப்போவிற்குக் கப்சாயில் புறப்படும் தொழிற்சாலை ஊழியருக்கும், நள்ளிரவு வரை உணவுப் பொட்டலங்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் இளைஞருக்கும் பந்தயத்தடம் தேவையில்லை. அவர்கள் நாள்தோறும் ஓட்டும் சாலையிலேயே, அவர்கள் ஓட்டும் வண்டியிலேயே கற்றுத்தரும் ஏற்பாடு வேண்டும்.

காம்பாரில் தொடங்கக்கூடிய பணி

அந்த ஏற்பாட்டிற்குப் பெரும் பொருட்செலவு தேவைப்படாது. பிரேக் பயிற்சிக்குக் கூம்புகளும், நூறு மீட்டர் நீளத்திற்குத் தார் போட்ட வெற்றிடமும் போதும். ஓட்டுநர் பயிற்சிக் கழகத்தின் திடலோ, தொழிற்சாலையின் வாகன நிறுத்துமிடமோ விடுமுறை நாளில் அதற்கு உதவும். சாலை ஓட்டத்திற்கு, பயிற்சி பெற்ற ஒருவர் பின்னால் வந்து கவனிக்க, காம்பாரிலிருந்து கோப்பேங் வரை சென்று திரும்புவதே நல்ல பாடமாகும். காவல்துறையின் போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், உரிமம் பெற்ற பயிற்றுநர்களும் கற்றுத்தர, கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஆள் திரட்ட முடியும். தமிழிலேயே விளக்கம் தரப்படுமானால், தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய மூத்த தொழிலாளர்களும் கூச்சமின்றிக் கேள்வி கேட்பர்.

வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கு, 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இழப்பீடு வழங்குகிறது. சொந்தத் தொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது. விபத்துக்குப் பின் வழங்கப்படும் அந்தத் தொகை குடும்பத்தைத் தாங்குவது உண்மையே. ஆனால் தந்தையைத் திருப்பித் தர அதனால் இயலாது. தொழிற்சாலைக்குள் இயந்திரப் பாதுகாப்புப் பயிற்சியை வேலைநேரத்திலேயே நடத்தும் முதலாளிகள், அதே தொழிலாளி நுழைவாயிலைத் தாண்டியபின் எதிர்கொள்ளும் அதைவிடப் பெரிய ஆபத்திற்கும் ஆண்டிற்கு அரைநாள் ஒதுக்குவது நியாயமான கோரிக்கையாகும். தொழிற்சங்கங்கள் இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலேயே முன்வைக்கலாம்.

பயிற்சி ஒருமுறையோடு முடிந்துவிடக் கூடாது. பழக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வருவதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், புதிய வகை வண்டிக்கு மாறும்போதும், நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் ஓட்டத் தொடங்கும்போதும், பார்வையும் செவியும் தளரும் வயதிலும் ஒருவர் தம் ஓட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாய்மார்களும் இவ்வகுப்புகளுக்கு அழைக்கப்பட வேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவரின் எடை பிரேக்கையும் வளைவையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லித் தருவோர் இன்று அரிது.

மூத்தவர்கள் இதில் முன்னிற்க வேண்டியதற்குத் தனிக் காரணமும் உண்டு. தோட்டக் காலத்திலிருந்து இன்றுவரை மோட்டார் ஓட்டும் கலை குடும்பத்திற்குள்ளேயே கைமாறி வருகிறது; தந்தை எப்படி ஓட்டுகிறாரோ அப்படியே பிள்ளையும் ஓட்டுகிறது; அவர் நெருங்கிப் பின்தொடர்ந்தால் அதுவும் நெருங்கிச் செல்கிறது; அவர் தலைக்கவசத்தின் பட்டையைப் பூட்டாமல் விட்டால் அதுவும் விட்டுவிடுகிறது. ஆகையால் நாற்பது வயதுடைய ஒருவர் தம் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளும்போது, அவரிடமிருந்து கற்கப்போகும் தலைமுறையின் பழக்கமும் சேர்ந்து திருந்துகிறது. காம்பாரில் நடக்கும் முதல் வகுப்பிற்குப் பத்துப் பேர் வந்தாலும், அந்தப் பத்துப் பேரும் ஊரில் நெடுங்காலம் ஓட்டியவர்கள் என்று பெயரெடுத்தவர்களாக இருப்பின், மேற்பயிற்சி என்பது திறமையற்றவர்களுக்கு விதிக்கப்படும் தண்டனை என்ற எண்ணம் மாறி, பொறுப்புள்ள எவரும் செய்துகொள்ள வேண்டிய கடமை என்ற எண்ணம் அவ்வட்டாரத்தில் நிலைபெறும்.